ஓரம் பார்த்தவர்

அத்தையின் மூக்கில் வந்ததைப் பாலுண்ணி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். இடது மூக்குத்திக்குச் சற்று மேலே, மூக்கும் கன்னமும் சேருகிற மடிப்பில், மிளகு அளவில் கறுப்பாக ஒன்று. திருப்பாதிரிப்புலியூரில் அத்தை குடியிருந்த தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குதிரைவால் மயிரைச் சுற்றிக் கட்டினால் தானாக உதிர்ந்துவிடும் என்றார் ஒருவர். கட்டுவதற்கு அதில் காம்பு இல்லை, தோலோடு தோலாக அப்பிக் கிடந்தது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டம்மாள். வைத்தார். வெந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் பொருக்கு விழுந்தது. அடியில் அதே கறுப்பு அப்படியே இருந்தது. கடைசியாக வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்க் குளத்தில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தார். மருவாக இருந்திருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் திசுக்கூறு ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். கடலூரிலிருந்து தினமும் காலையில் பஸ். கெடிலத்தைத் தாண்டி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை. முள்ளோடையில் மாநில எல்லை முடிந்ததும் பாதி பஸ் காலியாகிவிடும், ஏன் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பாதியில் கையில் எக்ஸ்ரே உறையோடு ஜிப்மருக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு நானும். என் வேலை, அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நோய்க்கூற்று மருத்துவரின் மேசையில் வைப்பது. பார்த்து முடிவு சொல்வது அவர் வேலை. ஆனாலும் இத்தனை வருடம் சீவியவனுக்குக் கண் பழகாமலா இருக்கும்?

2009 பொங்கலன்று அத்தை வீட்டுத் திண்ணையில் வெயிலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்தது. கறுப்பின் விளிம்பைச் சுற்றி முத்துப் போல ஒரு மினுமினுப்பு, நடுவில் சின்னக் குழி. முகம் கழுவும்போது அடிக்கடி ரத்தம் கசிகிறது என்றார். எனக்குக் கரும்பு இனிக்கவில்லை.

பேசல் செல் கார்சினோமா. தோலின் அடித்தளச் செல்களில் கிளம்பும் புற்று. வெள்ளைக்காரர்களுக்குச் சிவப்பாகவோ தோல் நிறத்திலோ வருவது, நம் நிறத்துக்குப் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். அதனால்தான் நாம் மரு என்றும் மச்சம் என்றும் ஏமாறுகிறோம். பழைய மருத்துவர்கள் இதை ரோடன்ட் அல்சர் என்பார்கள், எலி கொறித்த புண் என்று பொருள். உடலின் வேறு பாகத்துக்குப் பரவுவது மிக அரிது. பெரும்பாலும் உயிரை எடுக்காது, ஆனால் இருக்கிற இடத்தைக் கொறித்துக்கொண்டே போகும், மூக்கை, இமையை, காதை. அவசரமே இல்லாத வியாதி. அவசரம் இல்லாததாலேயே எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

"இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா? போடா" என்றார் அத்தை. மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள் என்பதுதான் அவருடைய உண்மையான பயம் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு வழியாக அழைத்துப் போனேன். வெட்டினார்கள், தைத்தார்கள். துண்டு எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. நான்தான் சீவினேன். "ஓரங்களில் புற்றுச் செல்கள் இல்லை" என்று அறிக்கை போயிற்று. நான் ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு கடலூர் போனேன்.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தழும்பின் ஒரு முனையில் மறுபடியும் கறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் மோஸ் என்ற பெயர் என் வாழ்க்கைக்குள் சரியாக வந்தது. அதற்கு முன்பு அது எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. வெளியூரில் பயிற்சி முடித்துவிட்டு எங்கள் தோல் பிரிவுக்கு வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் அத்தையின் மூக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதை மோஸ் முறையில் செய்ய வேண்டும். நீங்கள் துண்டைப் படுக்கைவாட்டில் சீவிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். தோல் மருத்துவர் ஒருவர் ஆய்வக ஊழியனிடம் வந்து 'எப்படிச் சீவுவாய்' என்று கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை.

ஃபிரடெரிக் மோஸ் 1910 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மைக்கேல் கையர் என்ற விலங்கியல் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். எலிகளின் புற்றுக் கட்டிகளில் எரிச்சலூட்டும் திரவங்களை ஒவ்வொன்றாக ஊசி மூலம் செலுத்தி, வெள்ளணுக்கள் எப்படி எதிர்வினை செய்கின்றன என்று பார்ப்பது அங்கே நடந்த ஆராய்ச்சி. அதில் 20 சதவீதத் துத்தநாகக் குளோரைடு கரைசல் வேறொரு வேலை செய்தது. செலுத்திய இடத்தில் சதை செத்துப்போனது. அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் அழுகிச் சிதையாமல் உயிரோடிருந்தபோது இருந்த வடிவத்திலேயே இருந்தன.

இதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் உறைக்கும். வெட்டிய சதையை நாங்கள் உடனே ஃபார்மலினில் போடுவோம், செல்கள் அழுகாமல் அப்படியே நிற்பதற்காக. மோஸுக்குக் கிடைத்தது அந்த ஃபார்மலின் வேலையை உடம்பிலேயே, வெட்டுவதற்கு முன்பே, செய்துவிடும் மருந்து. அப்படியானால் புற்றை உடம்பில் வைத்தே பதப்படுத்தி, ஒரு அடுக்கு எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, மிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி மருந்து வைத்து, இன்னொரு அடுக்கு எடுக்கலாம். மிச்சமே இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு நிறுத்தலாம். அவர் இதை யோசித்தபோது மருத்துவ மாணவர். 1934-இல் பட்டம் வாங்கினார். 1936-இல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கிவிட்டார். வயது இருபத்தாறு.

கரைசலை ஊசியால் செலுத்தினால் எவ்வளவு ஆழம் போகும் என்பது கையில் இல்லை. அதனால் அதைப் பசையாக்கினார். அதில் சேர்த்த சரக்குகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்று ஸ்டிப்னைட், நம் ஊர் அஞ்சனக்கல், கண் மை விஷயத்தில் பெயர் அடிபடுகிற அதே கல். இன்னொன்று பிளட்ரூட் என்ற அமெரிக்கக் காட்டுச் செடியின் கிழங்குப் பொடி, ஒடித்தால் ரத்தச் சிவப்பில் சாறு வரும். மூன்றாவது துத்தநாகக் குளோரைடு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மருந்தா, கொல்லிமலையிலிருந்து இறங்கியதா என்று சந்தேகம் வரும். சித்த மருத்துவம் முப்பத்திரண்டு புற மருந்துகளைச் சொல்கிறது. அந்த வரிசையில் அறுவை ஒன்று, காரம் என்கிற, சதையை அரித்து எடுக்கும் மருந்து ஒன்று. மோஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார், நடுவில் ஒரு நுண்ணோக்கியை வைத்தார். அத்தை வைத்த சுண்ணாம்புச் சோடாவும் காரம்தான். அதில் நுண்ணோக்கி இல்லை. வெந்ததெல்லாம் போய்விட்டது என்று நாமே சொல்லிக்கொண்டோம்.

பசையின் அளவுகளை இங்கே எழுதமாட்டேன். பிளட்ரூட்டும் துத்தநாகக் குளோரைடும் கலந்த 'கறுப்புக் களிம்பு' என்ற ஒன்றைப் புற்றுக்கு மருந்தென்று இன்றும் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கிப் பூசி மூக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். மேலே தோல் மூடி ஆறியிருக்க, உள்ளே புற்று வளர்ந்துகொண்டே போன கதைகளும் உண்டு. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது தேடிப் போனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இந்தக் களிம்பின் பூர்வீகம்தான் மோஸுக்குப் பெரிய தலைவலியாகவும் இருந்தது. 1850-களில் ஜெ. வெல்டன் ஃபெல் என்ற அமெரிக்கர் லண்டனில் இதே இரண்டு சரக்குகளை வைத்துப் புற்று வைத்தியம் பார்த்திருக்கிறார். சுபீரியர் ஏரிக்கரைப் பழங்குடிகளிடமிருந்து செடியைத் தெரிந்துகொண்டதாக அவரே சொன்னார். ஆகவே 1930-களில் ஒரு இளைஞர் எழுந்து 'நான் பசை பூசிப் புற்றை எடுக்கிறேன்' என்றதும் அறுவை மருத்துவர்கள் காதில் விழுந்தது மோஸின் குரல் அல்ல, சந்தையில் களிம்பு விற்பவனின் குரல். 1941-இல் அவர் 440 நோயாளிகளின் விவரத்தோடு அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். முறைக்குக் கீமோசர்ஜரி என்று பெயர் வைத்தார். இதற்குப் பின்னும் அறுவை மருத்துவர்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. நாள் கணக்கில் இழுக்கிறது, பசை வேலை செய்யும்போது நோயாளிக்கு வலி, தைக்காமல் புண்ணைத் தானாக ஆற விடுகிறார். எல்லாமே நியாயமான குறைகள்தான். அவர்கள் பார்க்காமல் விட்டது வேறொன்றை.

அதைச் சொல்ல, துண்டை எப்படிச் சீவுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். சமையலறை உதாரணம் வேண்டாம் என்று பார்த்தால் இதற்கு அதுதான் பொருந்துகிறது.

தோல் புற்றை வழக்கமாகத் தோணி வடிவத்தில் வெட்டுவார்கள். அந்தத் தோணி எங்களிடம் வந்ததும் வெளிப்புறம் முழுக்க மை பூசுவோம். மை இருக்கிற இடம்தான் ஓரம் என்று நுண்ணோக்கியில் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி, குறுக்கே மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வில்லைகளாக வெட்டுவோம். ஒவ்வொரு வில்லையையும் மெழுகில் பதித்து, அதன் முகத்திலிருந்து நான்கு மைக்ரான் தடிமனில் ஒரு சீவல். அந்தச் சீவலைத்தான் மருத்துவர் பார்க்கிறார். இப்போது கணக்குப் போடுங்கள். மூன்று மில்லிமீட்டர் என்பது 3000 மைக்ரான். அதில் பார்த்தது 4. எழுநூற்றைம்பது தாள் கொண்ட புத்தகத்தில் ஒரு தாளைப் படித்துவிட்டு, 'இதில் எழுத்துப் பிழையே இல்லை' என்று சான்றிதழ் தருகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. உருண்டையாக, ஒழுங்கான விளிம்போடு வளரும் கட்டி என்றால் ஒரு தாளே போதும். மூக்கு மடிப்பில் வேர் மாதிரி விரல் விட்டு வளர்வது என்றால், அந்த விரல் எழுநூறாவது தாளில் இருக்கலாம்.

மோஸ் வாழைக்காய் சீவவில்லை. அவர் துண்டைக் கிண்ணம் மாதிரி, சரிந்த விளிம்போடு எடுத்தார். ஆப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பள்ளம், சுற்றிலும் மேலே ஏறிய ஓரம். ஆப்பத்தைத் தட்டில் வைத்து, ஏறிய ஓரத்தை விரலால் கீழே அமுக்கினால், ஓரமும் அடிப்பாகமும் முழுவதும் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்போது அடியிலிருந்து ஒரே ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். கத்தி பட்ட இடம் முழுவதும், சுற்றோரமும் அடித்தளமும் சேர்த்து, அந்த ஒரு சீவலில் வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு. இதுதான் மோஸ். பசை அல்ல, கத்தி அல்ல, துண்டைத் திருப்பிப் போட்டதுதான்.

கூடவே ஒரு வரைபடம். துண்டின் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்கு நீலம் என்று நிறம் தடவி, நோயாளியின் முகத்தில் அது எந்தத் திசையில் இருந்தது என்று தாளில் வரைந்து வைப்பார். புண்ணுக்குப் போடும் மெர்குரோகுரோம்தான் சிவப்பு, துணிக்குப் போடும் நீலம்தான் நீலம். சீவலில் புற்று தெரிந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி. திரும்பிப் போய் அந்தப் புள்ளியில் மட்டும் மறுபடி எடுப்பார். நல்ல தோல் ஒரு இம்மி கூட வீணாகாது.

இதையெல்லாம் அவரே செய்தார் என்பதுதான் எனக்கு அவர்மேல் பிடிப்பு வரக் காரணம். வெட்டியவரே வரைந்தார், வரைந்தவரே நுண்ணோக்கியில் பார்த்தார். எங்கள் ஊர் வழக்கத்தில் வெட்டுகிறவர் ஒரு மாடியில், பார்க்கிறவர் வேறொரு மாடியில். இருவருக்கும் நடுவில் ஒரு டப்பா, ஒரு சீட்டு, ஒரு தையல் நூல். 'நூல் இருக்குமிடம் பன்னிரண்டு மணி' என்று சீட்டில் எழுதியிருப்பார்கள், கடிகாரத் திசையில் புரிந்துகொள்ள வேண்டும். நூல் அவிழ்ந்து டப்பாவின் அடியில் கிடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நோயாளிக்குப் பன்னிரண்டு மணி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பேருக்கு ஒன்றை எழுதி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

பசை விஷயத்துக்கு வருகிறேன். 1953-இல் இமையில் வந்த புற்றுக்கு மோஸ் சிகிச்சை செய்வதைப் படம்பிடித்தார்கள், பாடம் நடத்துவதற்காக. பசை வைத்து மறுநாள்வரை காத்திருந்தால் படப்பிடிப்பு இழுக்கிறது. சீக்கிரம் முடிக்கக் கடைசி அடுக்குகளைப் பசை இல்லாமல், மரத்துப்போகும் ஊசி போட்டு நேரடியாக வெட்டி, உறையவைத்துச் சீவிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. அதன் பிறகு இமைப் புற்றுகளுக்கெல்லாம் பசையை விட்டுவிட்டார். ஆனால் மற்ற இடங்களுக்குப் பசையையே நெடுநாள் வைத்துக்கொண்டிருந்தார். கையில் விடை கிடைத்த பிறகும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்த மனிதர் என்று சொல்லலாம். நான் குறை சொல்லமாட்டேன். முதல்முதலாகக் கதவைத் திறந்த சாவியை யார்தான் தூக்கி எறிவார்கள்? 1974-இல் சான்பிரான்சிஸ்கோவின் தியடோர் ட்ரோமோவிச், சாமுவேல் ஸ்டெக்மன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் பசையே இல்லாமல் செய்த சிகிச்சைகளைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதிலிருந்து பசை போயிற்று, நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று. கீமோசர்ஜரி என்ற பெயரும் மெல்ல உதிர்ந்து மோஸ் சர்ஜரி என்று நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, அவரைப் பின்பற்றி வந்தவர்கள் யார் என்பது. மோஸ் பொது அறுவை மருத்துவர். அவருடைய சொந்தச் சாதிசனம் ஏற்றுக்கொள்ளாததை ஏற்றுக்கொண்டவர்கள் தோல் மருத்துவர்கள். 'களிம்பு எழுதிக் கொடுப்பவர்கள்' என்று அதுவரை மற்றவர்கள் இளப்பமாகப் பார்த்த கூட்டம். தோலை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தான் என்பதால் மோஸ் சொன்னது உடனே புரிந்தது. 1967-இல் சங்கம் அமைத்தார்கள், மோஸ் அதன் முதல் தலைவர். தோல் மருத்துவர் கையில் கத்தி நிலையாக வந்த கதையில் இது பெரிய அத்தியாயம். நம் நாட்டுக் கதை வேறு வழியில் போயிற்று. நமக்குத் தோல் புற்றைவிட வெண்புள்ளிதான் பெரிய துயரம், உடம்புக்கு அல்ல, மனதுக்கும் கல்யாணத்துக்கும். தில்லியின் பெல் என்ற தோல் மருத்துவர் தொடையிலிருந்து மிக மெல்லிய தோலை எடுத்து வெண்புள்ளியின் மேல் ஒட்டும் முறையை 1964-இல் எழுதினார். அதைத் தனியாக எழுத வேண்டும். இன்னொரு நாள்.

மோஸ் 2002 ஜூலை 1 அன்று மேடிசனில் இறந்தார், தொண்ணூற்றிரண்டு வயதில். முதல்முறை வருகிற பேசல் செல் புற்றில் அவருடைய முறையால் ஐந்தாண்டுக் காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குத் திரும்பி வருவதில்லை என்பது இன்று பாடப்புத்தகக் கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் திரும்பி வந்ததில் அது கொஞ்சம் குறையும், தழும்புக்குள் ஒளிந்துகொள்வதால். அத்தை அந்த இரண்டாவது வரிசையில் நின்றார்.

அவருக்கு இரண்டாவது அறுவைக்கு நாள் குறித்த வாரத்தில், நோய்க்கூற்று மருத்துவர் என்னைக் கூப்பிட்டு 2009-ஆம் வருட மெழுகுக் கட்டிகளை எடுத்து வரச் சொன்னார். பழைய கட்டிகள் கீழ்த்தளத்து அறையில் இழுப்பறைகளில் எண் வரிசைப்படி இருக்கும். சைலீனும் மெழுகும் கலந்த வாடை, ஒரு குண்டு பல்பு. தேடி எடுத்தேன். பக்கவாட்டில் என் கையெழுத்திலேயே எண். ஐந்து வில்லைகள், மூன்று மெழுகுக் கட்டிகள்.

"ஆழமாகப் போய்ப் பாருங்கள்" என்றார். மைக்ரோடோம் என்ற சீவும் இயந்திரத்தில் பொருத்தி, சுற்றுக்கு நான்கு மைக்ரான் சீவும் சக்கரத்தை இருபத்தைந்து தடவை சுற்றி ஒரு சீவல், மறுபடி இருபத்தைந்து தடவை சுற்றி ஒரு சீவல். நூறு மைக்ரானுக்கு ஒன்று. மாலையில் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து சீவினேன். மெழுகு நாடா கத்தியிலிருந்து இறங்கி வெந்நீர்த் தொட்டியில் மிதந்து சுருக்கம் நீங்கும். அதைத் தகட்டில் ஏந்தி, உலர்த்தி, சாயம் ஏற்றினேன். ஹெமடாக்ஸிலின் ஏறினால் செல்லின் கரு ஊதா நீலம், இயோசின் ஏறினால் மற்றதெல்லாம் ரோஜா நிறம். முதல் இரண்டு கட்டிகளில் ஒன்றும் இல்லை. மூன்றாவது கட்டியில் முதல் ஏழு தகடுகள் ரோஜா நிறம்தான். எட்டாவது தகட்டில், ரோஜாவின் நடுவே கருநீலத் தீவு ஒன்று. அதன் விளிம்பில் செல்கள் மூங்கில் வேலி மாதிரி வரிசைகட்டி நின்றன. தீவுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நடுவில் வாய்க்கால் போலக் கீறல். இந்தப் புற்றின் முகம் இதுதான், இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தீவின் ஒரு முனை மையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எட்டு நூறு மைக்ரான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 2009-இல் சக்கரத்தை இன்னும் இருநூறு தடவை சுற்றியிருந்தால் வந்திருக்கும். அப்படிச் சுற்ற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. யார் மேலும் தவறு இல்லை என்றுதான் மருத்துவரும் சொன்னார். அன்று ஏழரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் வீடு திரும்பினேன். முள்ளோடையில் இறங்கி ஏறியவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அறுவை நாளன்று அத்தை ஆறு மணிக்கே தயாராகிவிட்டார். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். கழற்றியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இளம் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, கிண்ணம் மாதிரி ஒரு துண்டு எடுத்து, நான்கு திசைக்கும் நிறம் தடவி, வரைபடத்தோடு தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். டப்பா இல்லை, நூல் இல்லை. துண்டு அரை ரூபாய்க் காசு அளவு இருந்திருக்கும்.

கிரையோஸ்டாட் என்பது உள்ளே கத்தி வைத்த குளிர்ப்பெட்டி. மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே ஓடும். கையை உள்ளே விட்டால் விரல் நுனி மரக்கும். துண்டின் ஓரத்தை ஆப்பத்தின் ஓரம் மாதிரி அமுக்கி, பசைக்குழம்பில் உறையவைத்து, கத்தியின் முன் நிறுத்தினேன். மூக்குத் துண்டில் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அது அந்தக் குளிரிலும் சரியாக உறையாது, சீவலின் நடுவில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த சீவலை வைத்து ஓரம் சுத்தம் என்று சொன்னால் அது மோஸும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு சீவலை எறிந்துவிட்டு ஐந்தாவதைத் தூரிகையால் தொட்டு விரித்துத் தகட்டில் ஒற்றினேன். எங்கள் நோய்க்கூற்று மருத்துவரும் தோல் மருத்துவரும் ஒரே நுண்ணோக்கியில் எதிரெதிராக உட்கார்ந்து பார்த்தார்கள். வெட்டியவரே பார்க்க வேண்டும் என்கிற மோஸின் விதிக்கு இது முழுக்க ஒத்துவராது. சுத்தமான மோஸ் பக்தர்கள் இதை மோஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்களால் முடிந்தது அதுதான்.

முதல் சுற்றில் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள். இரண்டாவது சுற்றில் ஒன்று. அந்த ஒன்றுக்கு அரை மணி நேரம் வாதம் நடந்தது, அது புற்றா, மயிர்க்கால் அடியா என்று. உறைந்த சீவலில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இன்னும் இரண்டு சீவல் ஆழமாகப் போய்க் கொடுத்தேன். புற்றுதான்.

நடுவில் வெளியே வந்து பார்த்தேன். அத்தை நடைபாதைப் பெஞ்சில் பாதி முகத்தில் கட்டோடு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் முந்திரி விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை தடவைடா?"

"ஓரம் சுத்தமாகும்வரை."

"அன்றைக்கும் சுத்தம் என்றுதானே சொன்னாய்?"

எட்டாவது தகட்டைப் பற்றி அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே சொன்னேன். பண்ருட்டி அம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை டீயைக் குடித்து முடித்து மூடியைத் திருகினார். "சரி, போய்ச் சீவு" என்றார்.

மூன்றாவது சுற்றில் ரோஜா நிறம் மட்டும். நான் முதலில் பார்த்தேன், பிறகு அவர்கள் பார்த்தார்கள். நுண்ணோக்கியிலிருந்து நிமிராமலே தோல் மருத்துவர் கை நீட்டி வரைபடத்தை வாங்கி அடியில் ஒரு கோடு இழுத்தார். பள்ளத்தை மூடக் கன்னத்திலிருந்து ஒரு மடிப்புத் தோலைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். மூக்குத்தித் துளை இருந்த இடம் அதற்குள் போய்விட்டது.

பத்தாம் நாள் தையல் பிரித்த அன்று கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அரியாங்குப்பம் தாண்டியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூக்குத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வலது பக்கம் குத்திக்கொள்ளலாமா என்று உன் டாக்டரைக் கேட்டுச் சொல்" என்றார்.